மேசைமேல் காகிதம் கூடாது

மார்ச் 2, சனி

இன்றைக்கு முதன்முறையாக ஹார்ட்லி கிளப்புக்குள் போனேன். கோயம்புத்தூருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அதன் மதில் சுவரை பைக்கிலும் காரிலும் ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். உள்ளே இத்தனை மரங்கள் இருக்கும் என்று தெரியாது.

சேர்மன் கோவர்த்தனன்தான் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அவருடைய மருதவேணி பம்ப்ஸில் நான் கம்பெனி செக்ரட்டரி. போர்டு கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது, அங்கே பேசியதை மினிட்ஸாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது என் வேலை. சேர்மன் டென்னிஸ் ஆடி முடித்து, வேர்த்த சட்டையோடு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

இரண்டு வரி எழுதியிருப்பேன். வெள்ளை உடுப்பில் ஒரு பேரர் வெள்ளித் தட்டோடு வந்து நின்றார். தட்டில் டிபன் இல்லை. மேலே கிளப் பெயரும் ஓரத்தில் தங்கக் கோடும் போட்ட ஒரு சின்ன அட்டை இருந்தது. ‘இங்கே அலுவல் காகிதங்களை மேசைமேல் எடுப்பதில்லை என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

சேர்மன் சிரித்துவிட்டார். “எல்லாருக்கும் ஒரு தடவை வரும் பத்மநாபன். நூறு வருசப் பழக்கம். இங்க பேசலாம், எழுதக் கூடாது. லைப்ரரி ரூம்ல கூட நியூஸ் பேப்பரைத் தவிர ஒரு காகிதம் வெளிய வராது.”

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று தெரியாமல் டைரிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். புத்தகக் குறியாக நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. எட்டு நாளாயிற்று. எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்துவிட்டுப் புறப்பட நேரமாகிவிட்டது. பொன்னுராஜ் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பொன்னுராஜ் எங்கள் தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர். வடவள்ளியில் எங்களுக்கு அடுத்த தெரு. ஒரு வாரம் அவர் கார், ஒரு வாரம் என் கார் என்று ஒன்பது வருடமாகக் கணபதியில் இருக்கும் தொழிற்சாலைக்குச் சேர்ந்து போகிறோம். இன்றைக்கு சிக்னலில் நிற்கும்போது, “எம்.டி. ஜூனோட ரிட்டயர் ஆறாருன்னு பேசிக்கிறாங்களே, நெசமுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது ரகசியம் ஒன்றும் இல்லை.

சிக்னல் மாறியதும் வண்டியை எடுத்தார். “நானும் கேட்டுப் பாக்கலாமுன்னு இருக்கேனுங்க. இருவத்தேழு வருசம் ஆச்சு. ஒரே ஒருக்கா முன்னாடி உக்கார வெச்சு என்னைக் கேட்டாப் போதும். அப்புறம் வேண்டாமுன்னு சொன்னாலும் சரிங்க.”

கேட்பதில் தவறில்லை என்றேன். அவரைவிடத் தகுதியான ஆள் எங்கள் கம்பெனியில் கிடையாது. இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, சனி

சேர்மன் இன்றைக்கும் வரச் சொன்னார். நான் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சேர்மனும் டாக்டர் சிவப்பிரகாசமும் ஒரு பக்கம். நூற்பாலை தேவராஜுலுவும், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் மறுபக்கம். முப்பது வருடமாக இதே நான்கு பேர்தானாம்.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எங்கள் போர்டில் இயக்குநர். டாக்டரின் மருத்துவமனை அறக்கட்டளையில் தேவராஜுலு இருக்கிறார். தேவராஜுலுவின் நூற்பாலை போர்டில் எங்கள் சேர்மன் இருக்கிறார். வங்கிக்காரர் மூன்றிலும் இருக்கிறார். ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த விவரங்களைப் படிவத்தில் நிரப்புபவன் நான்தான். படிவத்தில் அவை தனித்தனித் தாள்கள். இங்கே நான்கு பேரும் ஒரே வலையின் இரண்டு பக்கத்தில் நின்று ஆடி, பாதியில் பக்கம் மாறிக்கொள்கிறார்கள்.

போன போர்டு கூட்டம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. எங்கள் போர்டு ஒற்றுமையான போர்டு என்று பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். மினிட்ஸை முதல் நாளே எழுதி வைத்துவிட்டு, கூட்டம் முடிந்த நேரத்தை மட்டும் கடைசியில் நிரப்புவது எனக்கு வழக்கமாகியிருந்தது. உண்மையான கூட்டம் சனிக்கிழமை காலையில் நெய்த் தோசையோடு நடக்கிறது என்பது இன்றைக்குத்தான் விளங்கியது. நல்ல தோசை.

மார்ச் 16, சனி

திரும்பும்போது சேர்மன் தோளில் தட்டி, “உங்க பேரையும் போட்டுடலாமே பத்மநாபன். நானே ப்ரொபோஸ் பண்றேன்” என்றார்.

கிளப் உறுப்பினராவது எப்படி என்று பேரர் அந்தோணிசாமி விளக்கினார். விண்ணப்பத் தாளைத் தாழ்வாரத்துப் பச்சைத் துணிப் பலகையில் குத்தி வைப்பார்கள். சம்மதம் உள்ள உறுப்பினர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பன்னிரண்டு கையெழுத்து.

“யாருக்காச்சும் வேண்டாமுன்னா?” என்று கேட்டேன்.

“வேண்டாமுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார். ஒரு நாள் வந்து பாத்தா தாள் இருக்காது. அவ்வளவுதான்.”

வீட்டில் இந்துமதியிடம் சொன்னேன். “நமக்கு எதுக்குங்க?” என்றாள். அங்கே நீச்சல் குளம் இருக்கிறது, நறுமுகைக்கு நல்லது என்றேன். மகளுக்காகத்தானே.

மார்ச் 23, சனி

என் தாளைக் குத்தியாயிற்று. என் புகைப்படத்தில் நான் கொஞ்சம் மிரண்ட மாதிரி இருக்கிறேன். முதல் கையெழுத்து சேர்மன், இரண்டாவது டாக்டர்.

மார்ச் 27, புதன்

நறுமுகைக்கு நீச்சலில் ஆசை இல்லையாம். பள்ளியில் கபடி டீமில் சேர்ந்துவிட்டாள். காஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 3, புதன்

பொன்னுராஜ் பதினான்கு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவந்தார். தன்னை எம்.டி. ஆக்கினால் ஐந்து வருடத்தில் தொழிற்சாலையை எங்கே கொண்டுபோவேன் என்று. அவர் மனைவியின் உதவியோடு ஆங்கிலத்தைச் சரிபார்த்திருக்கிறார். வார்ப்புக்கூடத்தின் சூட்டைக் குறைப்பது பற்றி மட்டும் மூன்று பக்கம். படித்துக்கொண்டே போனேன், காபி ஆறிவிட்டது.

மதியம் அதைச் சேர்மனிடம் கொடுத்தேன். “பொன்னுராஜா? நல்ல மனுசன்” என்று சொல்லி மேசை டிராயரில் வைத்தார். டிராயரை மூடினார்.

சாயங்காலம் காரில், “குடுத்துட்டீங்களா?” என்றார் பொன்னுராஜ். கொடுத்துவிட்டேன் என்றேன். “என்ன சொன்னாருங்க?” நல்ல மனுஷன் என்று சொன்னார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 6, சனி

ஏழு கையெழுத்து. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஏப்ரல் 13, சனி

நாளைக்குத் தமிழ்ப் புத்தாண்டு. கிளப்பில் இன்றைக்கே மாங்காய்ப் பச்சடி போட்டார்கள்.

தோசை வந்துகொண்டிருக்கும்போது தேவராஜுலு, “ஹரிகிருஷ்ணாவுக்கு புனே ஒத்து வரலை. பொண்ணும் இங்க வந்துடணுமுன்னு சொல்லுது” என்றார். ஹரிகிருஷ்ணா அவருடைய மாப்பிள்ளை. முப்பத்தெட்டு வயது. வெளிநாட்டில் படித்தவர். பம்ப் செய்கிற தொழிலில் இருந்ததில்லை.

“நம்மகிட்டதான் இடம் காலியாகுதே” என்றார் டாக்டர். சேர்மன் சட்னியைத் தொட்டுக்கொண்டே, “நானும் அதைத்தான் நெனச்சேன்” என்றார். வங்கிக்காரர் தலையை ஆட்டினார். அடுத்து ஊட்டியில் இந்த வருடம் கூட்டம் அதிகமாம் என்று பேச்சு மாறிவிட்டது.

ஒரு தோசை தின்று முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை, அதையும் எழுத வேண்டும். தெரிந்த வீட்டுப் பையன், தெரிந்த இடம். பொன்னுராஜ் என்ற பெயர் அந்த மேசையில் யார் நினைவுக்கும் வரவில்லை. எனக்கு வந்தது. தோசையோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

ஒன்பது கையெழுத்து.

ஏப்ரல் 15, திங்கள்

சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார். எம்.டி.யைப் போர்டுதான் நியமிக்க வேண்டும். அதற்கு முன்னால் தேர்வுக் குழு கூடி, ஆட்களைப் பார்த்து, ஒரு பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டும். குழுவில் சேர்மன், டாக்டர், வங்கிக்காரர் மூவரும் இருக்கிறார்கள்.

“சனிக்கிழமை மூணு பேரும் கிளப்புல இருந்தமல்ல? அதையே குழுக் கூட்டமா எழுதிடுங்க. மூணு பேரை நேர்ல கேட்டோம், ஹரியைத் தேர்ந்தெடுத்தோமுன்னு.”

“மூணு பேர் யார் யாருங்க சார்?”

“ஹரி. பொன்னுராஜைப் போட்டுக்குங்க, அவருக்கும் மரியாதையா இருக்கும். இன்னொண்ணு ஏதாவது ஒரு பேரு.” பிறகு, “உங்க தாள்ல எத்தனை கையெழுத்து ஆச்சு?” என்று கேட்டார். ஒன்பது என்றேன். “ஆயிடும், ஆயிடும்” என்றார்.

இரண்டையும் அவர் சேர்த்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அடுத்தடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எழுதினேன். கூட்டம் நடந்த நாள் ஏப்ரல் 13, நேரம் காலை எட்டரை, இடம் ஹார்ட்லி கிளப் நூலக அறை. மூன்று பேரின் தன்விவரத் தாள்களும் மேசைமேல் வைக்கப்பட்டு, குழுவினரால் விரிவாகப் பரிசீலிக்கப்பட்டன. பின்னர் மூவரும் தனித்தனியே நேர்காணல் செய்யப்பட்டனர்.

மூன்றாவது பெயராகப் போன வருடம் எங்களிடம் வேலை கேட்டு எழுதியிருந்த ஒருவரைப் போட்டேன். அதில் சிரமம் இருக்கவில்லை. பொன்னுராஜை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில், ‘திரு. பொன்னுராஜ் அனுபவம் மிக்கவர் எனினும், தொலைநோக்குப் பார்வை போதவில்லை எனக் குழு கருதியது’ என்று எழுதினேன். பதினான்கு பக்கமும் படித்தவன் நான் ஒருவன்தான். அந்த வரியை எழுதியவனும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

இந்த வாரம் அவருடைய கார். பொன்னுராஜின் மனைவி அரிசிம்பருப்பு சோறு கொடுத்து அனுப்பியிருந்தார். “நேர்ல எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியுங்களா? சட்டை ஒண்ணு எடுக்கலாமுன்னு இருக்கேன்” என்றார் பொன்னுராஜ்.

தெரியாது என்றேன்.

ஏப்ரல் 18, வியாழன்

மினிட்ஸைச் சேர்மன் மேலோட்டமாகப் பார்த்தார். “நூலக அறைன்னு போட்டிருக்கீங்க, நல்லா இருக்கு. வெராந்தான்னு போட்டா அவ்வளவு நல்லா இருக்காது” என்றார். டாக்டர் மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, பேனாவைத் திறந்தபடியே, “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டார். வங்கிக்காரர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எழுதியதை யாராவது படித்திருந்தால் திருத்தியிருப்பேன்.

ஏப்ரல் 22, திங்கள்

முப்பதாம் தேதிக் கூட்டத்துக்கான கோப்புகளை அனுப்பினேன். நான்கு கோப்புகள் டிரைவர் கையில் போயின. ஐந்தாவதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் போர்டின் ஐந்தாவது இயக்குநர் பேராசிரியர் மரகதவல்லியின் வீடு லாலி ரோட்டில், எனக்குப் போகிற வழிதான்.

அவர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். போர்டில் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் எங்கள் கம்பெனிக்கும் பொருந்தியபோது, “சாதுவான அம்மா, ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்று டாக்டர்தான் பெயரைச் சொன்னார். கிளப்புக்கு வருவதில்லை. இரண்டு வருடமாக ஒன்றும் கேட்டதும் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து கோப்புகளைத் திரும்ப வாங்கி அடுக்குபவன் நான். மற்ற நான்கும் மடிப்புக் கலையாமல் வரும். அவருடையதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு இருக்கும்.

“இவ்வளவு தூரம் நீங்களே வந்தீங்களா?” என்று கேட்டு மோர் கொடுத்தார். கறிவேப்பிலை நிறையப் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தால் புத்தகக் குறியைக் காணோம். தேடவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

கூட்டம் பதினொரு மணிக்கு. முதல் நான்கு விஷயங்கள் ஆறு நிமிடத்தில் முடிந்தன. ஐந்தாவது, புதிய எம்.டி. நியமனம். சேர்மன், “தேர்வுக் குழு சிபாரிசு உங்க கோப்புல இருக்கு. எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்றார். டாக்டர் அதற்குள் கோப்பை மூடிவிட்டார்.

“ஒரு சந்தேகமுங்க” என்றார் மரகதவல்லி அம்மா.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு வராத ஒருவர் பேசினால் பார்ப்பதைப் போல.

“பதிமூணாந் தேதி காலைல கிளப் லைப்ரரி ரூம்ல குழு கூடியிருக்குதுங்க. மூணு பேரோட தாளையும் மேசை மேல வெச்சு விரிவாப் பாத்தீங்கன்னு எழுதியிருக்குது. சரிங்களா?”

“ஆமாங்கம்மா” என்றார் டாக்டர்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோப்பிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். தங்கக் கோடு போட்ட அட்டை. நிதானமாக முழுவதையும் வாசித்தார். “இது என் கோப்புல, அந்தப் பக்கத்துலயே இருந்துதுங்க. அங்க காகிதத்தையே வெளிய எடுக்கக் கூடாதாமே. அன்னிக்கு உங்களுக்கு யாரும் இந்த அட்டையைக் கொண்டாந்து குடுக்கலைங்களா?”

வங்கிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். என் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

“இன்னொண்ணுங்க. பொன்னுராஜ்னு ஒருத்தரை நேர்ல கேட்டீங்கன்னு இருக்குது. தொலைநோக்கு பத்தலைன்னும் இருக்குது. அவரு இப்பக் கீழ ஒர்க்‌ஷாப்புலதான இருப்பாரு? ஒரு எட்டு மேல வரச் சொல்லுங்க. என்ன கேட்டாங்கன்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். மாணவனிடம் மண் மாதிரியை எங்கே எடுத்தாய் என்று கேட்பதைப் போலத்தான் இருந்தது.

சேர்மன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, “இதைத் தள்ளி வெச்சுக்கலாம். குழு மறுபடி கூடட்டும். அம்மாவும் குழுவுல இருக்கட்டும்” என்றார். கூட்டம் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. இவ்வளவு நீண்ட கூட்டம் எங்கள் போர்டில் நடந்ததில்லை.

எல்லோரும் போன பிறகு சேர்மன் அட்டையை என் முன்னால் வைத்தார். “இது உங்களோடதா பத்மநாபன்?”

“இருக்கலாங்க சார். டைரில வெச்சிருந்தேன். தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பத்திரமா வெச்சுக்குங்க” என்றார். குரல் வழக்கம்போல மென்மையாகத்தான் இருந்தது.

பழைய குழுக் கூட்ட மினிட்ஸைக் கிழித்துவிடச் சொன்னார். அசலைக் கிழித்தேன். நகல் எங்கேயாவது இருக்கும்.

வீட்டில் இந்துமதியிடம் அட்டை கைதவறி அம்மாவின் கோப்புக்குள் போய்விட்டதைச் சொன்னேன். அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க எதையும் தொலைக்கிற ஆளில்லையேங்க” என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

மே 4, சனி

கிளப்புக்குப் போனேன். தாழ்வாரத்துப் பச்சைத் துணிப் பலகையில் நான்கு குண்டூசி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சேர்மன், “வாங்க பத்மநாபன், தோசை சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அந்தோணிசாமி என் போட்டோவை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். “நல்ல போட்டோ சார், வேற எதுக்காச்சும் ஆகும்.” எனக்கு அந்தக் கிளப் பிடித்திருந்தது. நறுமுகைக்காக அல்ல. எனக்கே பிடித்திருந்தது.

மே 17, வெள்ளி

அலுவலகத்தின் பெரிய அறையில் நேர்காணல். மேசை முழுக்கக் காகிதம். பொன்னுராஜ் நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டையில் வந்தார். பதினான்கு பக்கத் திட்டத்தைச் சேர்மனின் டிராயரிலிருந்து எடுத்து நகல் போட்டு எல்லோர் முன்னாலும் வைத்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிடம் கேட்டார்கள். வார்ப்புக்கூடத்தைப் பற்றி மரகதவல்லி அம்மா மட்டும் எட்டுக் கேள்வி கேட்டார். சேர்மன்கூட ஒரு கட்டத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹரிகிருஷ்ணா வரவில்லை. “என் மாப்பிள்ளையை வரிசையில உக்கார வெக்கறதா?” என்று தேவராஜுலு சொல்லிவிட்டாராம்.

மே 24, வெள்ளி

பொன்னுராஜ்தான் எம்.டி. போர்டு ஒருமனதாக முடிவு செய்தது. இந்தத் தடவை அந்த வார்த்தையைக் கூட்டம் முடிந்த பிறகு எழுதினேன்.

அவர் என் அறைக்கு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “உக்கார வெச்சுக் கேட்டாங்க பாருங்க, அது போதுமுங்க எனக்கு” என்றார். ஏப்ரலில் அவரைப் பற்றி நான் எழுதிய வரியை அவர் அறியமாட்டார். சொல்லவும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

இன்றிலிருந்து அவருக்குக் கம்பெனி கார், டிரைவர். நான் தனியாகப் போனேன். ரேடியோ வேலை செய்யவில்லை என்பதையே இன்றைக்குத்தான் கவனித்தேன். ஒன்பது வருடமாகப் போட்டதே இல்லை.

ஜூலை 20, சனி

பொன்னுராஜின் தாளைக் கிளப் பலகையில் குத்தியிருக்கிறார்களாம். ப்ரொபோஸ் செய்தது சேர்மன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு கையெழுத்தும் ஆகிவிட்டது. “எம்.டி.ன்னா அங்க இருந்தாகணுமாமுங்க” என்று போனில் கூச்சத்தோடு சொன்னார். டென்னிஸ் ஷூ எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நறுமுகையின் டீம் வட்ட அளவில் ஜெயித்தது. முழங்காலில் சிராய்ப்பு. முருங்கை மரக் கிளை ஒன்று முறிந்து பக்கத்து வீட்டில் விழுந்தது, வெட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பொன்னுராஜ் கூப்பிட்டார். பழைய எம்.டி.யின் அறைதான், திரைச்சீலை மட்டும் புதிது. அவர் முன்பு இருந்த ஜெனரல் மேனேஜர் இடத்துக்கு ஆள் போட வேண்டும்.

“சனிக்கிழமை டென்னிஸ் கோர்ட்டுல பேசி முடிச்சுட்டமுங்க. டாக்டரோட அக்கா பையன் ஒருத்தர் இருக்காரு, நல்ல பையன். நம்ம கதிர்வேலும் கேட்டுக்கிட்டு இருக்காரு, ஆனா அவரை...” என்று இழுத்தார். கதிர்வேல் வார்ப்புக்கூடத்துக்குப் பொறுப்பானவர். பதினான்கு பக்கத்தில் இருந்த அந்த மூன்று பக்கத்துக்குக் கணக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பொன்னுராஜே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“ரெண்டு பேரையும் கேட்டமுன்னு எழுதிருங்க. கதிர்வேலுக்கும் மரியாதையா இருக்குமல்ல?”

அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஏப்ரலில் சேர்மன் என்னிடம் சொன்னதை இவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தானாகவே வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரிங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லியிருந்தால் கிளப் பலகையில் மறுபடி என் படம் ஏறியிருக்கும். பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். அட்டை குறியாக இருந்த பக்கத்தைத் திறந்தேன். ஏப்ரல் 16-ஆம் தேதி நகல் நான்காக மடித்து அங்கேதான் இருந்தது. பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“இது என்னங்க?”

“படிச்சுப் பாருங்க. உங்களை நேர்ல கேட்டுட்டு வேண்டாமுன்னு சொன்ன கூட்டம். அன்னிக்கு நீங்க கிளப்புப் பக்கமே போகல.”

படித்தார். தொலைநோக்குப் பார்வை போதவில்லை என்ற இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். காதுவரை சிவந்துவிட்டது.

“யாரு எழுதுனதுங்க இது?”

“நான்தான்.”

“நீங்களா?”

“ஆமாங்க. மறுநாள் உங்க கார்லதான் வந்தேன். அரிசிம்பருப்பு சாப்பிட்டேன். சட்டை எடுக்கலாமான்னு கேட்டீங்க, தெரியாதுன்னு சொன்னேன். இன்னொரு தடவை என்னால அப்படி எழுத முடியாதுங்க பொன்னுராஜ். கூட்டம் நடக்கட்டும், வந்து உக்காந்து எழுதறேன்.”

ஒன்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நட்பு போய்விட்டது என்றே நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன்.

அவர் தாளை மடித்தார். என்னிடம் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டைரியில் இருந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கைதவறி அம்மா கோப்புல போயிருச்சுன்னு சொன்னாங்க” என்றார். அட்டையை என் பக்கம் தள்ளினார்.

பிறகு இன்டர்காமை எடுத்தார். “கதிர்வேல் கீழதான இருப்பாரு? ஒரு எட்டு மேல வரச் சொல்லுங்க. அவரோட விவரத் தாளையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

என்னைப் பார்க்காமலேயே எதிர் நாற்காலியைக் கையால் காட்டினார். உட்கார்ந்தேன். நோட்டை விரித்து, தேதியும் இடமும் மட்டும் எழுதினேன். கதிர்வேல் வந்து உட்காரும்வரை வேறு எதுவும் எழுதவில்லை.